சதம் தொலையாத பில்: கணினியில் எண்களை எந்த வடிவில் வைப்பது

வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடைக்கோ புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்கோ பில் போடும் மென்பொருள் எழுதித் தரச் சொல்லி யாராவது உங்களைக் கேட்டிருக்கலாம், இல்லாவிட்டால் மாமாவின் கடைக் கணக்கை எக்செல்லில் ஏற்றும் வேலை "நீதானே கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை" என்று உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். எதுவானாலும் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: எந்த எண்ணை எந்த வடிவில் வைக்கப் போகிறீர்கள்? பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஆறு மாதத் தரவு சேர்ந்த பிறகு அதை மாற்றுவது பெரிய தலையிடி. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறவர்களுக்கும் நடுவில் வரும் துவிதப் பகுதி (0, 1 மட்டும் கொண்டு எண்களை எழுதும் முறை) உதவலாம், ஆனால் நான் எழுதுவது பரீட்சைக்காக அல்ல, கல்லாவுக்காக.

எண் அல்லாதவற்றை முதலில் பிரித்தெடுங்கள்

இலக்கங்களால் எழுதப்பட்டதெல்லாம் எண் ஆகிவிடாது. ஒரு கேள்வி போதும்: இதைக் கூட்டுவேனா, பெருக்குவேனா? இரண்டு பேரின் அடையாள அட்டை இலக்கங்களை யாரும் கூட்டப் போவதில்லை. தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், பில் இலக்கம், பார்கோட் எல்லாம் அப்படித்தான். இவற்றை எழுத்துத் தொடராகவே வையுங்கள், எக்செல் என்றால் அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அதற்குப் பிறகு தரவை ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போனது போனதுதான், முன்னால் இருந்த பூச்சியம் திரும்பி வராது.

நம் ஊரில் இது அடிக்கடி கடிக்கும் இடம் அடையாள அட்டை. பழைய இலக்கம் 9 இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது, அந்த எழுத்தின் புண்ணியத்தில் எக்செல் அதை எண்ணாக நினைக்காமல் விட்டுவிடும். 2016இல் வந்த புதியது 12 இலக்கங்கள், எழுத்து கிடையாது. 12 இலக்கம் வந்ததும் எக்செல் அதை எண்ணாக எடுத்து, 1.99 பெருக்கல் பத்தின் 11ஆம் அடுக்கு என்கிற பாணியில் சுருக்கிக் காட்டத் தொடங்கும். அந்தக் கோப்பை அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் சுருக்கிய வடிவமே கோப்பில் போய் உட்காரும். வங்கி அட்டையின் 16 இலக்கங்கள் இன்னும் மோசம், எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே சரியாகப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி இலக்கத்தைப் பூச்சியமாக்கிவிடும் (அட்டை இலக்கத்தை எக்செல்லில் வைப்பதே சரியில்லை என்பது வேறு கதை).

தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியம் காணாமல் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: சி என்ற நிரல் மொழியில் ஓர் எண் பூச்சியத்தில் தொடங்கினால் அது எண்ம எண், அதாவது அடி 8 இல் எழுதிய எண். ஆகவே கொழும்பின் 011 ஐ நிரலில் மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் அதன் பெறுமதி 9. பைதான் 3 இதை ஏற்காமல் பிழை காட்டிவிடும், அது எவ்வளவோ மேல்.

துவிதத்தை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள்

கணினி வைத்திருப்பது 0, 1 என்ற இரண்டு நிலைகளை மட்டும் என்பது தெரிந்த செய்தி. அதைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தவருக்குத்தான் பின்னால் வரும் சிக்கல்கள் புரியும். மஹரகம பக்கம் போகிற 138 பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். (பஸ் இலக்கமும் எண் அல்ல என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்பீர்கள், சரி, இது பயிற்சிக்கு மட்டும்.) 138 ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போய் மீதியைக் குறியுங்கள்: 69 மீதி 0, 34 மீதி 1, 17 மீதி 0, 8 மீதி 1, 4 மீதி 0, 2 மீதி 0, 1 மீதி 0, கடைசியாக 0 மீதி 1. மீதிகளைக் கீழிருந்து மேலாக வாசித்தால் 10001010. சரிபார்க்க இடப்பெறுமானங்களைக் கூட்டுங்கள்: 128 + 8 + 2 = 138.

பதினறுமம் (அடி 16 இல் எழுதும் முறை) வேண்டுமென்றால் நான்கு நான்காகப் பிரிக்க வேண்டியதுதான், 1000 என்பது 8, 1010 என்பது 10. பத்துக்கு அங்கே ஆங்கில எழுத்து ஏ, ஆகவே 8ஏ. அவ்வளவுதான், அதில் வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

மறை எண்ணில்தான் சுவாரசியம். இன்றைய கணினிகள் பயன்படுத்துவது இரண்டின் நிரப்பி முறை: எண்ணைத் துவிதத்தில் எழுதி, 0 களை 1 ஆகவும் 1 களை 0 ஆகவும் புரட்டி, கடைசியில் 1 கூட்டுங்கள். 118 க்குச் செய்து பாருங்கள். 01110110, புரட்டினால் 10001001, ஒன்று கூட்டினால் 10001010. மேலே போய்ப் பாருங்கள், அது 138 க்கு வந்த அதே எட்டு பிட்கள் (ஒரு 0 அல்லது ஒரு 1 தான் ஒரு பிட்). அந்தப் பிட்களிடம் போய் நீ 138 ஆ, -118 ஆ என்று கேட்டால் பதில் இல்லை, குறியுள்ள எண்ணா குறியில்லாத எண்ணா என்று நீங்கள் அறிவிக்கும் வகைதான் அதை முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்குத் தரவை மாற்றும்போது வகையையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

எவ்வளவு பெரிய பெட்டி?

குறியுள்ள 16 பிட்டில் அதிகபட்சம் 32,767. குறியுள்ள 32 பிட்டில் 2,147,483,647. இரண்டு பில்லியன் யாருக்குப் போதாது என்று தோன்றும். ஆனால் பணத்தைச் சதத்தில் வைக்கச் சொல்லித்தான் கீழே சொல்லப் போகிறேன், அப்படி வைத்தால் இந்த எல்லை 2 கோடியே 14 இலட்சத்து 74 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கொழும்பில் ஒரு நல்ல அடுக்குமாடி வீட்டின் விலையே அதைத் தாண்டும், ஒரு மொத்த வியாபாரியின் வருட விற்பனையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே பணம் என்றால் 64 பிட். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'இன்ட்' (32 பிட்) வேண்டாம், 'பிக்இன்ட்' (64 பிட்) போடுங்கள். பைதானில் முழு எண்ணுக்கு எல்லையே கிடையாது, நினைவகம் உள்ளவரை வளரும்.

விடை சிறியதாக இருந்தாலும் இடையில் வரும் பெருக்கம் எல்லையைத் தாண்டலாம், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. செத்தல் மிளகாய் கிலோ 1,260 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதத்தில் 126,000. நிறையைக் கிராமில் வைத்திருக்கிறீர்கள். 375 கிராமுக்கு 375 × 126,000 ÷ 1,000 = 47,250 சதம், அதாவது 472 ரூபாய் 50 சதம். ஒரு பிரச்சினையும் இல்லை. இப்போது ஒருவர் 50 கிலோ மூட்டை கேட்கிறார். 50,000 × 126,000 = 6,300,000,000. அது 32 பிட்டில் கொள்ளாது. ஜாவாவின் 'இன்ட்' வகையில் செய்தால் அது சத்தம் போடாமல், முச்சக்கர வண்டியின் மீற்றர் சுற்றி வருவது போலச் சுற்றி, 2,005,032,704 என்று காட்டும். அதை 1,000 ஆல் வகுத்தால் பில்லில் விழுவது 20,050 ரூபாய் 32 சதம். வர வேண்டியது 63,000 ரூபாய். மறை எண்ணாக வந்திருந்தால் யாராவது உடனே பிடித்திருப்பார்கள், இது உண்மையான விலை மாதிரியே இருப்பதுதான் ஆபத்து. பெருக்குவதற்கு முன்பே இரண்டில் ஒன்றையாவது 64 பிட்டுக்கு மாற்றுங்கள், பெருக்கிய பிறகு மாற்றிப் பயனில்லை.

இதே எல்லைதான் 2038 பிரச்சினை என்று பேசப்படுவதற்கும் காரணம். 1970 ஜனவரி 1 முதல் கடந்த செக்கன்களைக் குறியுள்ள 32 பிட்டில் எண்ணும் பழைய முறைமைகளுக்கு, இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனோடு இடம் முடிகிறது. அடுத்த செக்கன் 1901 டிசம்பருக்குப் போய்விடும். திகதியைச் செக்கனாக வைக்கிறீர்கள் என்றால் அதற்கும் 64 பிட் போடுங்கள், கதை முடிந்தது.

பின்னங்கள்: மா, காணி, முந்திரி

தசமத்தில் ஒரு பின்னத்தைத் துவிதத்துக்கு மாற்ற, இரண்டால் பெருக்கிக்கொண்டே போய் முழு எண் பகுதியைக் குறிக்க வேண்டும். 0.625 க்கு 1.25, 0.5, 1.0 என்று வரும், ஆகவே 0.101. மூன்றே படியில் முடிந்தது. இப்போது 0.1 ஐ எடுங்கள்: 0.2, 0.4, 0.8, 1.6, 1.2, மறுபடி 0.4, 0.8, 1.6, 1.2… இது முடியவே முடியாது. 0.000110011 என்று போய்க்கொண்டே இருக்கும். தசமத்தில் மூன்றில் ஒன்றை எழுதி முடிக்க முடியாதது போலவே, துவிதத்தில் பத்தில் ஒன்றை எழுதி முடிக்க முடியாது. பகுதியெண்ணில் 2 ஐத் தவிர வேறு காரணி இருந்தால் துவிதத்தில் அது முடியாத பின்னம்.

நம் பழைய கணக்கு வாய்பாட்டை வைத்தே இதைச் சோதிக்கலாம். அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16) எல்லாம் கணினியில் அச்சொட்டாக உட்காரும். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) உட்காரா, அவற்றின் பகுதியெண்களில் 5 இருக்கிறது. அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைமாருக்கு இது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை, ஏனென்றால் முந்திரியை அலகாகப் பிடித்தால் மேலே உள்ளதெல்லாம் முழு எண்ணாகிவிடும்: காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80. இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் கீழ்முந்திரி இருந்தது, முந்திரியில் 320இல் ஒன்று. இந்தப் பின்னங்களுக்கான குறியீடுகள் 2019இல் கணினி எழுத்துகளின் பொது நியமமான யூனிகோடில் சேர்ந்துவிட்டன, ஆர்வமுள்ளவர்கள் தேடிப் பாருங்கள், எழுத்துருதான் எல்லாக் கருவியிலும் இருக்காது.

பில் மென்பொருளுக்கும் அதே வழிதான். ஆகச் சிறிய அலகைத் தேர்ந்து, அதை முழு எண்ணாக எண்ணுங்கள். பணத்துக்குச் சதம், நிறைக்குக் கிராம், துணிக்கு சென்ரிமீற்றர்.

ஏன் தசமப் புள்ளியோடு வைக்கக் கூடாது?

பெரும்பாலான மொழிகளில் 19.99 என்று எழுதினால் அது மிதவைப் புள்ளி எண்ணாக (துவிதப் பின்னம் ஒன்றையும் இரண்டின் அடுக்கு ஒன்றையும் சேர்த்து வைக்கும் வடிவமாக) போகும். 1985இல் வந்த ஐஇஇஇ 754 என்ற நியமம் இதன் அமைப்பை வரையறுக்கிறது (அதன் பின்னால் இருந்த வில்லியம் காஹனுக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது). 64 பிட்டில் ஒன்று குறிக்கு, 11 அடுக்குக்கு, 52 பின்னத்துக்கு. நம் 138 ஐயே எடுத்தால் துவிதத்தில் 1.000101 பெருக்கல் இரண்டின் 7ஆம் அடுக்கு. அடுக்கோடு 1,023 ஐக் கூட்டி 1,030 என்று வைப்பார்கள், முன்னால் உள்ள 1 எப்போதும் இருக்கும் என்பதால் அதை வைப்பதே இல்லை.

138 அச்சொட்டாகப் பொருந்தும், 0.1 பொருந்தாது, அதற்குப் பக்கத்தில் உள்ள ஒன்றுதான் வைக்கப்படும். அதனால்தான் 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.30000000000000004 வருகிறது, 0.1 ஐப் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வருகிறது. இந்த அளவு வித்தியாசம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். 19.99 ஐ 100 ஆல் பெருக்கினால் 1998.9999999999998, அதை முழு எண்ணாக வெட்டினால் 1,998 சதம். ஒரு சதம் போய்விட்டது. ஒரு சதத்துக்குக் கடைக்காரர் கவலைப்பட மாட்டார், ஆனால் நாள் முடிவில் பில்களின் கூட்டுத்தொகையும் அறிக்கையின் கூட்டுத்தொகையும் 37 சதம் வேறுபட்டு நின்றால் கணக்காளர் கவலைப்படுவார், அந்த 37 சதம் எங்கே போனது என்று தேடும் வேலை உங்களுடையது.

இப்படிச் சின்னப் பிழை சேர்ந்து பெரிதான கதைகளில் மிகக் கொடூரமானது 1991 பெப்ரவரி 25இல் நடந்தது. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு முறைமை நேரத்தைச் செக்கனின் பத்தில் ஒன்றாக எண்ணி, அதை 24 பிட்டில் வெட்டிய 0.1 ஆல் பெருக்கியது. ஏறக்குறைய 100 மணித்தியாலம் தொடர்ந்து இயங்கியதில் பிழை 0.34 செக்கனாகச் சேர்ந்துவிட்டது. வரும் ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்தில் அரைக் கிலோமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். தடுக்க முடியவில்லை, 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள்.

இதற்காக மிதவைப் புள்ளியை மொத்தமாக வெறுக்கவும் வேண்டாம். அளந்து எடுக்கும் பெறுமதிகளுக்கு அதுதான் சரி. வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் கடை என்றால் வாடிக்கையாளரின் இடத்தை அகலக்கோடு, நெடுங்கோடாக வைப்பீர்கள். கொழும்பு 6.93, 79.86 பக்கம். 32 பிட் மிதவையில் 6.93 அருகே இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு இடையே தரையில் 5 சென்ரிமீற்றர்தான், ஆனால் 79.86 அருகே அது 84 சென்ரிமீற்றர், எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் பெரிதாகும் என்பதால். வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க அது தாராளம், காணி அளக்கப் போதாது. காணி அளப்பவர் 64 பிட் எடுத்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், மிதவை எண்கள் இரண்டைச் சமமா என்று நேரடியாக ஒப்பிடாதீர்கள், வித்தியாசம் ஒரு சிறிய எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, பில்லை எழுதுவோம்

பயனர் தட்டச்சிட்ட விலையை மிதவையாக மாற்றி 100 ஆல் பெருக்காதீர்கள். எழுத்துத் தொடராக இருக்கும்போதே காற்புள்ளிகளை நீக்கி, புள்ளியில் பிரித்து, ரூபாயையும் சதத்தையும் தனித்தனியாக முழு எண்ணாக்கிச் சேருங்கள். ஒருவர் 19.5 என்று தட்டினால் அது 50 சதம், 5 சதம் அல்ல, அதையும் கவனித்து எழுதுங்கள். காற்புள்ளியை நீக்காவிட்டால் என்ன ஆகும் என்றால், ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுத்துத் தொடரை எண்ணாக்கும் பார்ஸ்ஃப்ளோட் 1,250 ஐக் காற்புள்ளி வரை மட்டும் வாசித்து 1 என்று தரும்.

அடுத்து வற் (பெறுமதி சேர் வரி). 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். 99 ரூபாய் 25 சதப் பொருளுக்கு 9,925 × 18 ÷ 100 = 1,786.5 சதம். அரைச் சதத்தை என்ன செய்வது? பள்ளியில் படித்தபடி மேலே ஏற்றினால் 1,787. பைதானின் 'ரவுண்ட்' அருகில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போகும், ஆகவே 1,786. இரண்டும் பிழை அல்ல, ஆனால் எதைக் கடைப்பிடிப்பது என்பதைக் கடையின் கணக்காளரிடம் கேட்டு ஒரே ஒரு இடத்தில் எழுதி, எல்லா இடத்திலும் அதையே அழையுங்கள். பொருளுக்குப் பொருள் முழுமையாக்குவதா, பில்லின் மொத்தத்துக்கா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், இரண்டுக்கும் விடை வேறாக வரும். மேலே ஏற்றும் முறைக்கு முழு எண்ணிலேயே செய்யும் வழி இருக்கிறது: பெருக்கிய பிறகு 50 ஐக் கூட்டி 100 ஆல் வகுத்து மீதியை விடுங்கள். 178,650 + 50 = 178,700, வகுத்தால் 1,787.

அப்புறம் யாராவது அந்தப் பொருளைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். -178,650 + 50 = -178,600, வகுத்தால் -1,786. வாங்கும்போது 1,787, திருப்பும்போது 1,786, ஒரு சதம் கடைக்குள் அநாதையாகக் கிடக்கும். குறியைத் தனியே எடுத்து வைத்து, நேர் எண்ணாகக் கணக்குப் பார்த்து, கடைசியில் குறியைப் போடுங்கள்.

கழிவையோ விநியோகக் கட்டணத்தையோ பொருட்களுக்குப் பகிரும்போதும் இதே கவனம் வேண்டும். 100 ரூபாயை மூன்றாகப் பிரித்தால் 3,333 சதம் மூன்று தடவை, மொத்தம் 9,999 சதம். மிச்சமான ஒரு சதத்தை ஏதாவது ஒரு பொருளோடு, எப்போதும் கடைசிப் பொருளோடு என்று வைத்துக்கொண்டால் நல்லது, சேர்த்துவிடுங்கள்.

முழு எண்ணோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் பைதானின் 'டெசிமல்' தொகுதியும் தரவுத்தளங்களின் 'டெசிமல்' வகையும் இருக்கின்றன, அவை பத்தின் அடியிலேயே எண்ணை வைத்திருப்பதால் 0.1 என்பது 0.1 தான். ஆனால் பைதானில் அதற்குப் பெறுமதியை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். குறி இல்லாமல் 0.1 என்று கொடுத்தால் அது முதலில் மிதவையாகி, அந்தப் பிழையோடு சேர்ந்தே உள்ளே போகும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இந்த வகை கிடையாது, அங்கே சதங்களை எண்ணுங்கள், 9,007,199,254,740,991 வரை பிசகாது, அது 90 டிரில்லியன் ரூபாய்க்கு மேல்.

கடையில் நிறுவும் முன் இந்தத் தொகைகளையாவது ஓட்டிப் பாருங்கள்: 0, 0.01, 19.99, 19.5, 99.25, அதையே திருப்பிக் கொடுத்தல், 1,250 ஐக் காற்புள்ளியோடு, 50 கிலோ மூட்டை, 21,474,836.48. கூடவே பூச்சியத்தில் தொடங்கும் தொலைபேசி இலக்கம் ஒன்று, 12 இலக்க அடையாள அட்டை இலக்கம் ஒன்று, இரண்டையும் தரவுத்தளத்தில் போட்டு, சிஎஸ்வியாக எடுத்து, எக்செல்லில் திறந்து, திரும்பவும் ஏற்றி, போட்டது அப்படியே வருகிறதா என்று பாருங்கள்.